கீழ்த்தட்டுப் பிள்ளைகள்

இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று சொன்னதுகூட நுஸ்ஹாவுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அதைச் சொன்ன நேர்ஸ் அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்த பார்வைதான் வலித்தது.

கலியாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அதற்காக அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள். விடியக் கருக்கலில் கலகெதரையிலிருந்து பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு கண்டிக்கு வந்து, கிளினிக்கில் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரைக் குமட்டக் குமட்டக் குடித்து, திரும்பத் திரும்ப இரத்தம் கொடுத்தாள். கர்ப்பிணிப் பெண்களின் விற்றமின் டி பற்றி ஆராய்ச்சி செய்கிற டொக்டர் ஒருவர், "உங்கட விருப்பம் எண்டா மட்டும்" என்று கேட்டு, இன்னொரு குழாயிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். முடிவு வந்த அன்றைக்கு இரண்டு செய்தி. சீனி கூட. விற்றமின் டி மிகவும் குறைவு.

"குறையாமல் என்ன செய்யும்?" என்று நேர்ஸ் சிங்களத்தில் சொன்னாள். வாங்கு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் குரலை உயர்த்தினாள். "உங்கள் ஆட்கள் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு திரிகிறீர்கள். வெயில் எங்கே படும்? பிறகு பிள்ளைக்கு வருத்தம் என்று இங்கே வந்து நிற்கிறீர்கள்."

வாங்கில் யாரோ சிரித்தார்கள். நுஸ்ஹாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கடையில் நாள் முழுக்க அவள் பேசுவதே அந்தப் பாஷைதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை. ஹபாயாவின் கைவிளிம்பை விரலால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆராய்ச்சி டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். நுஸ்ஹாவின் வயதுதான் இருக்கும்.

"டொக்டர், உண்மயச் செல்லுங்க. என்ட உடுப்பாலயா இது?"

"அப்பிடி ஒண்டைப் பிடிச்சுச் சொல்லேலாது. வெயில் படாட்டி டி குறையும், அது சரி. டி குறைஞ்ச ஆக்களுக்கு வயித்தில பிள்ளை இருக்கேக்க சீனி வாறது கூட எண்டு சில ஆராய்ச்சியளில கண்டிருக்கினம். ஆனா அது குறைஞ்சதாலதான் இது வந்தது எண்டு இன்னும் ஒருத்தரும் நிறுவேல்ல. அதைத்தான் நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறம்." டொக்டர் குளிசை எழுதினார். "டிக்கு இது. ஆனா இதைப் போட்டாச் சீனி இறங்கும் எண்டு நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பாடு, சாப்பிட்ட உடனை ஒரு நடை. அதுதான் முதல் மருந்து. அதால சரிவராட்டி இன்சுலின். பகல்ல எங்க இருப்பீங்கள்?"

"டவுன்ல, புடவக் கடையில."

"அங்க வெயில் வருமோ?"

நுஸ்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

வீட்டில் மாமி கைரியா அடுப்படியில் ஈரப்பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அல்லாஹ்வே! நான் அண்டைக்கே செல்லல்லயா? கடையில பணிஸும் பிளேன்டீயும் தின்டு தின்டுதானே வயித்த நெரப்புற. வீட்டுல ஆக்கி வெச்ச சோறு அப்பிடியே கெடக்கி. வட்டிலாப்பத்தக் கண்டா வுடுறயா? பாரு இப்ப, என்ட பேரப்புள்ளக்கி எனத்த நடக்கப் போகுதோ!"

"மாமி, வட்டிலாப்பம் பெருநாளைக்கித் தின்டது."

"வாய் மட்டும் கொறச்சல் இல்ல."

கணவன் ஸைத் சின்ன லொறி ஒன்றில் மிளகும் கராம்பும் ஏற்றிக் கட்டுகஸ்தோட்டைக்கும் குருணாகலுக்கும் போய்வருகிறவன். சண்டை சச்சரவு பிடிக்காத மனுசன். உம்மாவின் முகத்தைப் பார்த்தான், பெண்சாதியின் முகத்தைப் பார்த்தான். "வேலய வுட்டுட்டு வீட்டுல இரிங்களே. எல்லாம் சரியாப் போயிடும்" என்றான்.

நுஸ்ஹா அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். நேர்ஸுக்கு உடுப்பு காரணம். மாமிக்கு வாய் காரணம். புருஷனுக்கு வேலை காரணம். பிள்ளையைச் சுமக்கிறவளும் அவள், பிள்ளைக்குக் கேடு செய்தவளும் அவள். மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து வந்து ஒரே இடத்தில்தான் விரலை வைத்தார்கள்.

வேலையை விட அவளுக்கு மனமில்லை. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வேலை அவளுக்கு வாய்த்திருந்தது. கல்யாணத்துக்கு ஒசரிச் சேலை எடுக்க வருகிற சிங்களப் பெண்ணின் நிறத்தையும் உயரத்தையும் பார்த்ததும் எந்தக் கட்டை இறக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். வருகிற பெண்கள் அவள் பேரைச் சொல்லிக் கேட்பார்கள். வீட்டில் ஸைத்தின் பெண்சாதி, கைரியாவின் மருமகள். அங்கே மட்டும்தான் அவள் நுஸ்ஹா.

மக்கீன் ஹாஜியாரின் கடை டவுன் நடுவில் இருக்கிறது. மேலே இரண்டு மாடி, நிலத்துக்குக் கீழே ஒன்று. ஒசரி, பட்டு, கல்யாண உடுப்பு எல்லாம் கீழேதான். அங்கே வேலை செய்கிற எட்டுப் பெண்களுக்கும் ஹாஜியார் வைத்த பேர் 'கீழ்த்தட்டுப் பிள்ளைகள்'. செல்லமாகத்தான் சொல்வார். வெயில் பட்டால் பட்டு நிறம் போகும் என்று அங்கே ஜன்னலே வைக்கவில்லை. நாள் முழுக்கக் குழாய் விளக்கு எரியும். வெளியே மழையா வெயிலா என்பது படியிறங்கி வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரியும். கடை திறக்குமுன் உள்ளே போகிறவர்கள் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார்கள். பகல் சாப்பாடு துணிக்கட்டுகள் அடுக்கிய பின்னறையில், ஆள் மாறி ஆள், ஒழிந்த நேரத்தில். இடையில் வெளியே போக முடியாது. போனால் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும், அதற்கெல்லாம் நேரமில்லை என்பான் மேற்பார்வை பார்க்கிற பஹீம்.

பின்னறையில் வைத்து ஜெயராணியிடம் நுஸ்ஹா எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயராணி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. புருஷன் லெட்சுமணனோடு மகியாவையில் ஓர் அறை எடுத்து இருக்கிறாள். அவளும் உண்டாகியிருந்தாள். வயிறு இன்னும் வெளித் தெரியவில்லை, கடையில் யாரிடமும் சொல்லவுமில்லை.

"அக்கா, நானும் அந்த ரத்தத்தக் குடுத்துப் பாக்குறேனே" என்றாள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போய்விட்டு வந்த ஜெயராணி, கட்டுகளுக்கு நடுவில் குந்தினாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"ஒங்களவிட எனக்குத்தான்க்கா கொறச்சல்."

"என்ன செல்லுற நீ?"

"ஆமாக்கா. டி ஒங்களவிடக் கொறச்சலாம். சீனி இப்போதைக்கு இல்ல, பெறகு திரும்பப் பாக்கணும்னாங்க." அரைக்கைச் சட்டைக்கு வெளியே தெரிந்த தன் கைகளை நீட்டிக் காட்டினாள். "நான் என்னத்தக்கா மூடிக்கிட்டுத் திரியிறேன்? எங்கம்மாவ வந்து பாருங்க. மலையில கொழுந்து எடுத்து எடுத்துக் கருகிப் போயி நிக்கிறா. அந்த வயித்துல பொறந்தவளுக்கு வெயில் பத்தலயாம்!"

"நேர்ஸ் எனத்த சொன்ன?"

"தோட்டத்து ஆளுங்க ரொட்டியும் சாயத்தண்ணியுமாத் திங்கிறீங்க, அதான்னாங்க."

நுஸ்ஹா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உடுப்பு. ஒனக்கு ரொட்டி" என்றாள் மெதுவாக. "ரெண்டு பேரும் காலயில இருந்து ராவு வரக்கிம் ஒரே பொந்துக்குள்ளதானே ஈக்கிறம். அத ஒருத்தருக்கும் தோணல்ல."

அன்றைக்கே பஹீமிடம் போய்க் கேட்டாள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டு வெளியே கொஞ்சம் நடக்க வேண்டும், டொக்டர் சொன்னது. பஹீம் கெட்டவனில்லை, பயந்தவன். ஹாஜியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஹாஜியார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நுஸ்ஹா, ஒங்களுக்கு வுட்டா எல்லாருக்கும் வுடணும்."

"எல்லாருக்கும் வுடுங்களே, ஹாஜியார்."

அவர் சிரித்தார். "சீசன் நேரம் புள்ள. பெரஹெர முடிஞ்ச கையோட கலியாணங்கள் வருது. அதோட நம்மட பொம்புளப் புள்ளகள் ரோட்டுல வெயில்ல நடந்து திரியிறதும் நல்லதில்லதானே? ஏலாட்டி வீட்டுல இரிங்க. பிள்ள கெடச்ச பொறகு பாப்பம்."

பாப்பம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். திரும்பவும் கீழ்த்தட்டுக்குப் படியிறங்கினாள். மாமி ஏசிக்கொண்டேயானாலும் விடியலில் எழும்பிக் குரக்கன் பிட்டு அவித்தாள், முருங்கை இலை சுண்டினாள், சிவப்பரிசிச் சோற்றை அளவாகக் கட்டிக் கொடுத்தாள். எதைக் கட்டிக் கொடுத்து என்ன? பகல் சோறு சில நாள் பன்னிரண்டு மணிக்கு, சில நாள் மூன்று மணிக்கு. நடை என்பது பின்னறைக்கும் மேசைக்கும் இடையில்தான். சீனி இறங்கவில்லை. டொக்டர் இன்சுலின் எழுதினார்.

"ஊசி போட்டா உடனை சாப்பிட வேணும். உலகமே இடிஞ்சு விழுந்தாலும் சாப்பிட்டிட்டுத்தான் எழும்ப வேணும். விளங்குதோ?" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. கீழே நிற்க இடமில்லை. நுஸ்ஹா பின்னறையில் ஊசியைப் போட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது பஹீம் எட்டிப் பார்த்தான்.

"நுஸ்ஹா, மாத்தளையில இருந்து கலியாணப் பொண்ணு வந்தீக்கி. ஒங்களத்தான் கேக்குது."

"பஹீம் நானா, நான் ஊசி போட்டுட்டன். தின்டுட்டு வாறன்."

"ரெண்டு நிமிஷம். மொகத்தக் காட்டிட்டு வாங்க. ஹாஜியார் மேல இருந்து பாத்துட்டு இரிக்கிறாரு."

போனாள். இரண்டு நிமிஷம் இரண்டு ஒசரியானது, பிறகு பத்தானது. பெண்ணின் தாய்க்குச் சரிகை பிடிக்கவில்லை. பெண்ணுக்குக் கரை பிடிக்கவில்லை. வெள்ளி ஒசரி ஒன்றை விரித்துக் காட்டும்போது நுஸ்ஹாவின் கை நடுங்கியது. ஹபாயாவுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. சரிகைப் பூக்கள் ஒன்று இரண்டாகத் தெரிந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நாக்குப் புரளவில்லை. அப்படியே மேசைமேல் சரிந்தாள்.

"அக்கா!"

ஜெயராணி பின்னறைக்கு ஓடி, தேத்தண்ணீர் போட வைத்திருந்த சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். பெண்ணின் தாய் நுஸ்ஹாவைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்தாள். "மகே அம்மே, இந்தப் பிள்ளை மாதமாக அல்லவா இருக்கிறது!" என்று பதறினாள். நினைவு தப்பவில்லை. மிடறு மிடறாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நுஸ்ஹா கண்ணை முழுதாகத் திறந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பிள்ளை துடித்தது.

"வாங்கக்கா, மேல போவோம். சோத்தத் தின்னணும் ஒடனே. இங்க காத்தே இல்ல." ஜெயராணி அவளைத் தாங்கிப் பிடித்துப் படியேறினாள். வாசலில் பஹீம் நின்றான். என்ன செய்கிறோம் என்று தெரியாமல், பழக்கத்தில் கை நீட்டிவிட்டான்.

"பேக்..."

ஜெயராணி நின்றாள். அதுவரைக்கும் கடையில் யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"பேக்கா? இந்தா பாருங்க!" சோற்றுப் பார்சலைக் கவுண்டரில் வைத்துப் பிரித்தாள். "சோறு. சுண்டுன கீர. கருவாட்டுத் துண்டு ஒண்ணு. எண்ணிக்கங்க! வேறென்ன திருடிட்டுப் போறோம் நாங்க? பட்டு நெறம் மங்கிரும்னு பொத்திப் பொத்தி வைக்கிறீங்களே, ரத்தமும் சதையுமா ரெண்டு உசிரு நிக்கிதே, அது மங்குனா ஒங்களுக்குத் தெரியாதா? மனுசங்களா நீங்க?"

பஹீம் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டான். தெருவோரப் படியில், மத்தியான வெயிலில், போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க, நுஸ்ஹா அந்தச் சோற்றைத் தின்றாள். கண்ணீரும் சோறுமாகத் தின்றாள்.

மறுநாள் கைரியா மருமகளோடு கண்டிக்கு வந்தாள். ஹாஜியார் அவளுடைய மௌத்தாய்ப் போன புருஷனின் கூட்டாளி. மரியாதையாகச் சொல்லி மருமகளை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டு போவதுதான் அவள் எண்ணம்.

"ஒன்ட சாமான் என்னமும் கெடந்தா எடுத்துட்டு வா, நானும் வாறன்" என்று சொல்லிப் படியிறங்கினாள். இறங்கினவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். இத்தனை வருஷமும் பெருநாளைக்கு மேல்மாடியில் துணி எடுத்துக்கொண்டு போனவள். கீழ்த்தட்டை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இங்கயா?" என்றாள். "நீ வேல செய்ற இங்கயா?"

"ஓ மாமி."

"ஜன்னலொண்டும் இல்லயே மக."

பின்னறைக்குப் போனாள். துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஓராள் குந்தக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டு, மேலே ஹாஜியாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"வாங்க கைரியா ராத்தா. இரிங்க" என்று அவர் கதிரையைக் காட்டினார்.

"இரிக்க வரல்ல மக்கீன். எங்கட வீட்டுக் கோழியயும் விடிஞ்சா தொறந்து வுடுறம் நாங்க. நீங்க எட்டுப் பொம்புளப் புள்ளகள நெலத்துக்குள்ள பொத்தி வெச்சீக்கிறீங்க. வருஷா வருஷம் சக்காத்துக் குடுக்கிற கைதானே இது? ஒரு புள்ளத்தாச்சிக்கி ஒரு வாய் சோறு திங்க நேரம் குடுக்க அந்தக் கைக்கி ஏலாமப் பொயித்தா?"

"ராத்தா, கொஞ்சம் மெதுவா... கஸ்டமர்..."

"கேக்கட்டும்! நான் வீட்டுல இந்தப் புள்ளயத்தான் ஏசின. நீ தின்டதாலதான் என்டு ஏசின. ஒவ்வொரு நாளும் ஏசின. இங்க வந்து பாத்தாத்தானே தெரியிது, ஏச வேண்டிய ஆள் வேற என்டு."

நுஸ்ஹா வேலையிலிருந்து நிற்கவில்லை. கைரியாவும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைத்தாச்சிகளுக்குப் பகலில் அரை மணித்தியாலம் வெளியே போக ஹாஜியார் அனுமதி கொடுத்தார். ஜெயராணியும் தான் உண்டாகியிருப்பதைப் பஹீமிடம் சொன்னாள். நுஸ்ஹாவும் ஜெயராணியும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வாவியோரம் நடந்தார்கள். நுஸ்ஹாவின் சீனி மெல்ல மெல்லக் கட்டுக்குள் வந்தது.

அந்தச் சந்தோஷம் மாதம் முடியுமட்டும்தான். மாதக் கடைசியில் ஜெயராணியைக் கூப்பிட்டு, சீசன் முடிந்தது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நுஸ்ஹாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக்கூடப் போட்டிருந்தார்கள்.

"நீங்க சும்மா இரிங்க" என்றான் ஸைத். "ஹாஜியார் நம்மட ஆள். ஒங்களுக்கு ஒரு கொறயும் வெக்கல்லதானே."

"நம்மட ஆள் என்டு எனக்கு வெயில் குடுத்த. அவ நம்மட ஆள் இல்ல என்டு அவட சோத்துல மண்ணப் போட்ட. அண்டைக்கி என்ட வாயில சீனியக் கரச்சி ஊத்தினது ஆரு? ஹாஜியாரா?" நுஸ்ஹா சம்பள உறையை அவன் முன்னால் வைத்தாள். "அந்தக் கூட்டிப் போட்ட சம்பளம் எனத்துக்கு என்டு நெனக்கிறீங்க? என்ட வாய வாங்கத்தான்."

ஸைத் உம்மாவைப் பார்த்தான். கைரியா மகனைப் பார்க்கவில்லை.

"தொழில் கந்தோர் எந்தப் பக்கம் மக?" என்று நுஸ்ஹாவிடம் கேட்டாள்.

ஜெயராணியைக் கூட்டிப் போய்த் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள். விசாரணைக்கு ஹாஜியாரும் பஹீமும் வந்தார்கள். அந்தப் பிள்ளை தானாகத்தான் நின்றது என்றார் ஹாஜியார். மாதமாக இருப்பதே தமக்குத் தெரியாது என்றார். ஜெயராணி, "பொய்யிங்க ஐயா" என்றாள், அதற்கு மேல் பேச வராமல் அழுதாள். லெட்சுமணன் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாட்சி யாராவது உண்டா?" என்று உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டார்.

நுஸ்ஹா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். நிறைமாத வயிறு மேசை விளிம்பில் முட்டியது. கடையில் ஒசரி விரிக்கும்போது பேசும் அதே தெளிவான சிங்களத்தில், ஒன்று விடாமல் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைத்தாச்சிகள் என்பதால்தான் வெளியே போக விட்டார்கள், தெரியாமல் எப்படி விட்டார்கள் என்று கேட்டாள். உத்தியோகத்தர் பஹீமின் பக்கம் திரும்பினார். பஹீம் ஹாஜியாரைப் பார்த்தான், நுஸ்ஹாவின் வயிற்றைப் பார்த்தான். "சொல்லுறது சரி சேர்" என்றான்.

விறாந்தையில் வைத்து ஹாஜியார் அவளை நிறுத்தினார்.

"நம்மட வீட்டு விஷயத்த வெளிய கொண்டு வந்துட்டீங்களே நுஸ்ஹா."

"விஷயம் கெடக்கட்டும் ஹாஜியார். உள்ளுக்கு ஈக்கிற ஆறு பேரயும் வெளிய கொண்டு வரோணும்."

ஜெயராணியைத் திரும்ப எடுத்தார்கள். விருப்பத்தோடு அல்ல. கர்ப்பிணி என்று வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்று உத்தியோகத்தர் சட்டத்தை எடுத்துச் சொன்ன பிறகு, வேறு வழியில்லாமல். பகல் அரை மணித்தியாலம் மற்றப் பெண்களுக்கும் கிடைத்தது. கிடைத்தாலும் பஹீம் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்ப்பான் என்று, பிள்ளைப்பேற்றுக்கு லீவில் நின்ற நுஸ்ஹாவுக்கு ஜெயராணி போனில் சொன்னாள்.

பிள்ளை பிறக்குமுன் கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் அறிக்கையைப் பார்த்து, "சீனி நல்லா இருக்கு. டியும் கூடியிருக்கு" என்றார். பிறகு அவரே கையை உயர்த்தினார். "அதாலதான் இது எண்டு இப்பவும் நான் சொல்ல மாட்டன்."

"நீங்க செல்ல வேணாம் டொக்டர்" என்றாள் நுஸ்ஹா. "நீங்க இவ்வளவு படிச்சிட்டும் காரணம் தெரியா என்டு செல்லுறீங்க. மத்த எல்லாருக்கும் அண்டைக்கே தெரிஞ்சிருந்திச்சி, நாங்கதான் காரணம் என்டு."

"ஓம்" என்றார் டொக்டர். "அதுதான் எனக்கும் கோபம்."

பெண் பிள்ளை. மூன்று கிலோவுக்குக் கிட்ட. தாய்க்குச் சீனி இருந்ததால் பிள்ளைக்கு இறங்கிவிடாமல் பார்க்க வேண்டும் என்று, சில மணி நேரத்துக்கொரு தடவை வந்து அந்தச் சின்னக் குதிகாலில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கைரியா அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை உடம்பெல்லாம் சிவக்க, முஷ்டியை முறுக்கிக்கொண்டு, வார்டே அதிரக் கத்தியது.

"ஷ், ஷ்" என்று அடக்கப் போனாள் கைரியா.

"வுடுங்க மாமி" என்றாள் நுஸ்ஹா. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அதன் காதோரம் குனிந்தாள். "கத்து மக. நல்லாக் கத்து."